கீழ்க் கட்டில்

ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தபோது, கடைக்குப் போகாமலே கிடைத்த ஒரே சாமான் துண்டுதான். எங்கள் பீரோவின் அடித்தட்டு முழுக்கத் துண்டுகள். பச்சைக் கரை, சிவப்புக் கரை, கட்டம் போட்டது, பூப்போட்டது என்று ஒரு கல்யாண வீட்டுக்கே துவட்டக் கொடுக்கலாம். சூலூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தறிப்பட்டறை உண்டு, ஆனால் அதில் ஓடுவது வேறு துணி. இந்தத் துண்டுகள் அத்தனையும் கோயமுத்தூரில் காசு கொடுத்து வாங்கியவை. ஒவ்வொன்றும் நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நாளின் துண்டு.

எனக்கு வலிப்பு வரும். இப்படி நேராக எழுத எனக்கே வெகுகாலம் ஆயிற்று. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது, 'அது' என்பதுதான் பெயர். 'அது வந்து எத்தனை நாளாச்சு', 'அதுக்குப் போட்டாச்சா' என்று பேசிக்கொள்வார்கள். மாத்திரைகூட அதனுடைய அட்டையில் இருக்காது. அம்மா ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, தீர்ந்துபோன கால்சியம் மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைப்பாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்த வயதிலேயே எலும்புக்கு மாத்திரையா என்று கேட்டார்கள். ஆமாங்க, பால் குடிக்க மாட்டேங்கறா என்று அம்மா என் மேல் பழியைப் போட்டாள். பால் எனக்கு உயிர். அதற்கப்புறம் விருந்தாளிகள் முன்னால் பால் குடிக்கக்கூட முடியாமல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. அப்பாவின் கார் பட்டறை வேலைக்குப் போய்விடும், அதனால் எங்களுக்குப் பஸ்தான். சூலூரிலிருந்து பஸ் ஏறும்போதே அம்மா கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். வழியில் தெரிந்தவர் யாராவது பார்த்தால், துணி எடுக்கப் போறோமுங்க என்று சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது பார்த்தால், பை காலியாக இருக்கக் கூடாது. அதனால் டாக்டரைப் பார்த்த கையோடு கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்குவோம். புடவை வாங்கினால் எங்கே கட்டினாய், எந்த விசேஷத்துக்கு எடுத்தாய் என்று கேள்வி வரும். துண்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மா பொய் சொல்லிப் பழகாதவள், அதனால் அவள் சொல்லும் பொய்க்கெல்லாம் பையில் ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

வலிப்பைப் பற்றி எங்கள் வீட்டிலேயே மிகக் குறைவாகத் தெரிந்தவள் நான்தான். அது வரும்போது நான் அங்கே இருப்பதில்லை. எழுந்த பிறகு நாக்கு கடிபட்டிருக்கும், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும், மேலே இரண்டு மூன்று முகங்கள் குனிந்திருக்கும், அவ்வளவுதான். முதல் தடவை சமையலறையில் வந்தது, ப்ளஸ் ஒன் லீவில். வெளியிடத்தில் வந்தது ஒரே தடவை, உக்கடம் பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி போய்விட்டுத் திரும்பும் வழியில். கண் விழித்தபோது என் கையில் யாருடையதோ பைக் சாவி. மடியில் இன்னும் ரெண்டு சாவிக்கொத்து. இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சாவியைத் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு சாவியாக எடுத்து, இது உங்களுதுங்களா, இது உங்களுதுங்களா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெயிலுங்க, காலையில சாப்படலீங்க என்று எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். அத்தனை பேரில் சூலூர்க்காரர் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

நான் சேர்ந்த கல்லூரி கோயமுத்தூருக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டு ரோட்டில் இருக்கிறது. சூலூரிலிருந்து தினமும் போய் வர வேண்டுமென்றால் விடிவதற்கு முன் எழுந்து ரெண்டு பஸ் மாற வேண்டும். எனக்குத் தூக்கம் கெட்டால் அது வரும். அதனால் ஹாஸ்டல்தான் நல்லது என்று எங்கள் டாக்டரம்மாவே சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அறையில் கூட இருக்கும் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், கையிலும் வாயிலும் எதையும் திணிக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கக் கூடாது. உயரத்தில் படுக்க வைக்கக் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். லிஃப்டில் இறங்கும்போது, அறைல இருக்கறவிகளுக்கு எதுக்குத் தெரியோணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள் தலையாட்டியதெல்லாம் மரியாதைக்குத்தான், ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் தெரியக் கூடாது என்பதை வீட்டில் யாரும் எனக்கு விளக்கவில்லை, விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் பேசினால் விசாரிப்பு என்று ஒன்று உண்டு. பெண் வீட்டு ஊருக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, யாருக்காகவோ எதையோ கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருவது. சொந்தத்தில் அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை பொள்ளாச்சிப் பக்கம் போய், பெண்ணுக்கு மூச்சு வாங்குமாம் என்று விசாரித்து வந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அன்றைக்கு அப்பாவுக்கு நல்ல பேர். நான் அப்போது எட்டாவது படித்தேன், எனக்கு 'அது' இன்னும் வந்திருக்கவில்லை.

ஆனாலும் ஹாஸ்டல் விஷயத்தில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அறையில் வரப்போகிறவள் யாரோ ஒருத்தி. தூத்துக்குடியோ தர்மபுரியோ, எந்த ஊரோ. அவளிடம் முதல் நாளே சொல்லிவிடலாம். அவளுக்குச் சூலூரில் யாரையும் தெரிந்திருக்காது. இந்த ஒரு நினைப்பில்தான் நான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் மண்ணைப் போட்டது அப்பா.

அட்மிஷன் அன்று ஃபீஸ் கட்டும் வரிசையில் அப்பாவுக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்றிருந்தார். அப்பாவால் வரிசையில் சும்மா நிற்க முடியாது. ஏனுங்க, எந்த ஊருங்க என்று ஆரம்பித்தார். கோபிப் பக்கமுங்க என்றார் அவர். அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்குள் ரெண்டு பேர் சந்தித்தால், எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்காமல் பேச்சு நகராது. ஒரே கூட்டமாக இருந்தால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. வேறு கூட்டமாக இருந்தால் மாமன் மச்சான் முறை. இவர் வேறு கூட்டம். கேண்டீனில் வாங்கிய காபி ஆறுவதற்குள் அப்பா அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருடைய பெண்ணும் என் வகுப்பில்தான் சேருகிறாள் என்று தெரிந்ததும் ரெண்டு பேரும் ஆபீசுக்குள் போனார்கள். வெளியே வந்தபோது அப்பாவின் முகம் பஞ்சாயத்தில் ஜெயித்த முகம்.

"ரெண்டு புள்ளைகளையும் ஒரே ரூம்ல போடச் சொல்லிப்போட்டேன். இனிக் கவலையே இல்ல. நம்ம புள்ளைக, ஒண்ணுக்கொண்ணு பாத்துக்கும்."

 காரில் சிங்காநல்லூர் தாண்டிய பிறகுதான் அம்மா கேட்டாள்.

"ஏனுங்க, ஆரக் கேட்டு இதச் செஞ்சீங்க?"

நல்லதுதானே செய்தேன் என்றார் அப்பா.  கொஞ்ச தூரம் போன பிறகு அப்பாவுக்கே புரிந்திருக்க வேண்டும். ரேடியோவை நிறுத்தினார். கோபிப் பக்கம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும், எங்கள் பெரியப்பா சம்பந்தம் செய்த ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது, பேச்சு அதைத் தாண்ட ஒரு நாள் போதும். நாலு வருஷம் நான் அந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் படுத்துத் தூங்கியாக வேண்டும். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரில் உள்ள அத்தனை பெண்களையும் விட்டுவிட்டு, சொல்லவே முடியாத ஒருத்தியைத் தேடிப் பிடித்து என் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார். அதையும் பாசத்தில் செய்திருக்கிறார், அதுதான் கொடுமை.

அதன் பிறகு கோபி வீட்டிலிருந்து தினமும் போன் வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குத் தேனான பேச்சு. எங்க புள்ள கெட்டில் கொண்டு வரட்டுமுங்க, நீங்க அயர்ன் பாக்ஸ் எடுத்துக்கோங்க, ரெண்டும் ரெண்டு எதுக்குங்க என்று முறையாகப் பிரித்துக் கொடுத்தார். பக்கெட், கயிறு, கொசுவர்த்தி, பூட்டு எல்லாம் இப்படித்தான் தீர்மானமாயிற்று. அந்தப் பெண்ணும் எனக்கு வாட்ஸப்பில் நிறைய எழுதினாள். என்ன கலரில் போர்வை வாங்கியிருக்கிறாய், ஒரே கலராக வாங்கலாமா என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதற்கு நடுவில் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு நங்கை. எங்கள் வீட்டில் 'அது' தெரிந்த நாலாவது ஆள் அவள்தான், தெரியக் கூடாத மற்ற எல்லாரையும் கணக்கெடுத்து வைத்திருப்பவளும் அவள்தான். கோபிப் பெண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், படித்து முடித்துத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான் என்று அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து என் ஹாஸ்டல் பெட்டியில் அவள் அடுக்கியதெல்லாம் ஒரு சீர்வரிசை மாதிரியே இருந்தது. பழைய போர்வை வேண்டாம், அந்தப் புள்ள பாத்துட்டு வூட்ல போய்ச் சொல்லும் என்று புதுசு வாங்க வைத்தாள். கால்சியம் டப்பாவின் லேபிள் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வேறு புது டப்பா ஒன்று வாங்கி, உள்ளே இருந்த கால்சியத்தை எல்லாம் கொட்டிவிட்டு, என் மாத்திரையை அதில் மாற்றினாள். அத்தை கெட்டவள் இல்லை. நான் விழுந்த ஒரு நாள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைவிட அதிகமாக அழுதவள் அவள். ஆனால் அழுது முடித்ததும் முதலில் எழுந்து போய் வாசல் கதவைத்தான் சாத்தினாள்.

போக வேண்டிய வாரத்தில் அது வந்தது. பல மாசமாக வராமல் இருந்தது, அன்றைக்குப் பகலில், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. எழுந்தபோது துணிகளுக்கு நடுவில் கிடந்தேன், பெட்டியின் விளிம்பு பட்டு நெற்றியில் காயம். டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், கல்லூரிக்குப் போகலாம் என்றார். கடைக்குப் போய் இன்னொரு துண்டு வாங்கினோம்.

அன்று சாயங்காலம் அப்பா, இந்த வருஷம் போகட்டும், வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று வராது என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை வருவான், மாப்பிள்ளை வந்தால் இந்தப் பொய்யை எல்லாம் அங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பா. நான் போயே தீருவேன் என்று கத்தினேன். போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்ன பயம் என்றும் கத்தினேன். அது தப்பாகப் போயிற்று.

அம்மா என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். அப்பாவிடம் சொல்லி என்னை அனுப்பி வைப்பது அவள் பொறுப்பு. அதற்கு நான் ஒரு சத்தியம் செய்ய வேண்டும்.

"என்ற தலைல கைய வெச்சுச் சொல்லு கண்ணு. நீயா உன்ற வாயால ஆருகிட்டயும் சொல்லக் கூடாது."

அப்ப எனக்கு வந்தா அவளுக்கு என்ன பண்ணணும்னு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.  மாத்திரையை மறக்காமல் போட்டால் வராது என்றாள், சொல்லும்போதே குரல் உடைந்தது. நான் அவள் தலையில் கை வைத்தேன். போக வேண்டும் என்ற வெறியில்தான் வைத்தேன். வைத்த பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. தெரியாத அறையில், தெரியாத கட்டிலில், கண் திறக்கும்போது மேலே குனிந்திருக்கும் அந்த ஒரு முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து, இருந்த தூக்கமும் போயிற்று.

போன அன்று கார் டிக்கி மூடவே இல்லை, கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. அத்தை முன் சீட்டில். பின்னால் என் மடியில் பக்கெட், அம்மா மடியில் முறுக்கு டின். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம் என்றாலும் டவுனுக்குள் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். கோபிக்காரர்கள் அவர்களுடைய நல்ல நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஹாஸ்டலில் முதல் நாள் மட்டும் ஆண்களையும் மேலே விட்டார்கள். மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறி அறை வாசலில் நின்றபோது நான் முதலில் பார்த்தது கட்டிலைத்தான்.

அடுக்குக் கட்டில். ரயிலில் இருக்கிற மாதிரி மேலே ஒன்று, கீழே ஒன்று, ஏறுவதற்கு ஓரத்தில் இரும்பு ஏணி. அட்மிஷன் அன்று எங்களுக்குக் காட்டிய அறையில் தனித்தனிக் கட்டில் இருந்தது. கீழ்க் கட்டிலில் அந்தப் பெண்ணின் போர்வை விரித்தாகிவிட்டது. வாங்க வாங்க என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல நல்ல காத்துங்க, ஜன்னலும் பக்கமுங்க. உங்க புள்ளைக்குன்னே உட்டு வெச்சிருக்கோமுங்க. எம்புள்ள கீழ கெடக்கட்டும்."

எங்கள் ஊரில் மரியாதை என்று வந்துவிட்டால் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஐயோ வேண்டாமுங்க, உங்க புள்ளையே மேல படுக்கட்டுமுங்க என்றாள் அம்மா. முதலில் வந்தவர்கள் நல்லதை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்குமா என்றார் அந்த அம்மா. இவளுக்கு ஏறி இறங்கிப் பழக்கமில்லை என்றாள் அம்மா. ரெண்டு நாளில் பழகிவிடும் என்று அந்த அப்பா சிரித்தார். இவள் ராத்திரி அடிக்கடி தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள் என்றாள் அம்மா. அப்படியென்றால் மேலேயே ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொன்றும் அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். அம்மாவிடம் இருந்த சின்னப் பொய்கள் எல்லாம் தீர்ந்துபோயின. இந்த முறை பையில் சாட்சிக்குக்கூட எதுவும் இல்லை.

அதானே, வயசுப் புள்ளைக்கு என்ன என்று அத்தை முடித்து வைத்தாள். என் போர்வையை எடுத்து மேல் கட்டிலில் வீசினாள். ஏறிப் பாரு சாமி என்றாள் என்னிடம். நான் ஏணியில் ஒரு காலை வைத்தேன். வேறு என்ன செய்வது, சத்தியம் செய்திருந்தேனே. கீழே சிமெண்ட் தரை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் நெற்றிக் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏணியைப் பிடித்திருந்த என் கையின் மேல் அவள் கையை வைத்து அழுத்தினாள்.

"இவ மேல படுக்கக் கூடாதுங்க. இவளுக்கு வலிப்பு வருமுங்க."

அந்த வார்த்தையை அம்மா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.  அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா, நிஜந்தானா என்று கேட்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தார். ஊரெல்லாம் போய் விசாரித்துவிட்டு வந்த அப்பாவை அன்றைக்கு ஒருவர் விசாரித்தார்.

"ஆமாங்க" என்றார் அப்பா.

அதுக்கென்னங்க, இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் மருந்து இருக்குதுங்க என்று அந்த அம்மா உடனே சொன்னார். வந்தால் சாவியைக் கையில் கொடுக்க வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்டார். அம்மா நிதானமாகச் சொன்னாள். சாவி வேண்டாமுங்க. கையிலயும் வாயிலயும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கடியில மெத்துன்னு ஏதாச்சும் வெச்சாப் போதுமுங்க, அமுக்கிப் புடிக்கக் கூடாதுங்க. டாக்டரம்மா சொன்னது ஒன்றுவிடாமல் அப்படியே. லிஃப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அத்தனையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறாள். 

கோபிக்காரர்கள் மெஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போனார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்குத் தரைத்தளத்தில் வேறு அறை கிடைத்திருந்தது. மூணு மாடி ஏற எம்புள்ளைக்கு முட்டி வலிக்குதுங்க, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க என்றார் அந்த அம்மா. சௌகரியம் எதுவோ அப்படிச் செய்யுங்க என்றாள் அம்மா. ஒருத்தர்கூட ஒரு சொல் கடிந்து பேசவில்லை. யாராவது கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை மடித்தாள். நாங்கள் பேசி வைத்து வாங்கிய அதே நீலக் கலர் போர்வை. கெட்டிலை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு, நீயே வெச்சுக்கோ என்றாள். அவர்களுடைய பெட்டி கனம். அப்பா ஒரு பக்கம் பிடித்து, மூன்று மாடியும் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் என் தலையில் கையை வைத்தார், மறுபடி கீழே போய்விட்டார்.

அத்தை வாசலில் நின்றாள். கெடுத்துப்போட்டயே என்று அம்மாவிடம் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இழவு வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னாள். நாம் சூலூர் போவதற்குள் விஷயம் போய்விடும் என்றாள். அது உண்மை, அப்படித்தான் போயிற்று. காரில் இருக்கிறேன் என்று அவளும் இறங்கிப் போனாள்.

நானும் அம்மாவும் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டு நீயே சொல்லிவிட்டாயே என்று கேட்டேன்.

"சத்தியம் நீதான பண்ணுன. நானா பண்ணுனேன்?" என்றாள் அம்மா. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

மதியத்துக்கு மேல் இன்னொரு பெண்ணை வார்டன் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். வால்பாறையிலிருந்து வந்தவள். மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்து, முகம் வெளிறி, ஒரு கையில் பையும் ஒரு கையில் எலுமிச்சம்பழமுமாக நின்றாள். எஸ்டேட்டில் அவளுடைய அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அப்பா திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகக் கீழேயிருந்தே கிளம்பிவிட்டார். அம்மா அவளை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எந்த ஊர் என்று மட்டும் கேட்டாள். அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

எந்தக் கட்டில் எனக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லு என்று தலையை அசைத்தாள். எனக்கு வலிப்பு வரும், அதனால் கீழ்க் கட்டில் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. அவளும் பயந்துதான் போனாள். எலுமிச்சம்பழத்தைக் கைக்குள் உருட்டினாள்.

"வந்தா செத்துருவியா?"

"மாட்டேன்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுச்சேலையோடு அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்துவிட்டாள். நான்தான் இந்தப் புள்ளைன்னு நெனச்சுக்கோ, என்னத் திருப்பிப் பாரு கண்ணு என்றாள். பெரியவரைத் தொடுவதற்கு அந்தப் பெண் தயங்கினாள். பயப்படாத, திருப்பு என்றாள் அம்மா. அந்தப் பெண் அம்மாவின் தோளையும் இடுப்பையும் பிடித்து மெல்லத் தள்ளினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கால முன்னால மடக்கி வெச்சாத் திரும்ப மல்லாக்க வராது என்று படுத்தபடியே சொன்னாள். அந்தப் பெண் காலை மடக்கி வைத்தாள். அடுத்து தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். தலையணை இன்னும் பிரிக்காமல் மூட்டையில் இருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்தப் பெட்டில துண்டு இருக்குது பாரு" என்றாள் அம்மா சுவரைப் பார்த்தபடி. "எத்தன வேணும்னாலும் எடுத்துக்கோ. அதுக்குத்தான் வாங்குனது."

அந்தப் பெண் பச்சைக் கரைத் துண்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, அம்மாவின் தலையைத் தூக்கி அடியில் வைத்தாள். சரியா வெச்சிருக்கேனா என்று என்னிடம் கேட்டாள். சரியாகத்தான் வைத்திருந்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. அந்தத் துண்டில் முகத்தை வைத்துக்கொண்டு, நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் நிற்கும்போதே, அழுதுகொண்டிருந்தாள்.